தொடுபரப்பின் கணக்கு



பக்கத்துக்குப் பத்து சென்டிமீட்டர் உள்ள ஒரு மைல்டு ஸ்டீல் கட்டி. எடை 7.85 கிலோ. அதை நன்றாகக் கிரைண்டிங் செய்த ஓர் எஃகுத் தகட்டின் மேல் வைக்கிறோம். கட்டியின் அடிப்பரப்பு 10,000 சதுர மில்லிமீட்டர். அதில் எவ்வளவு, தகட்டை உண்மையாகவே தொடுகிறது?

கணக்கு எளிது. பிரினெல் சோதனைப்படி மைல்டு ஸ்டீலின் கடினத்தன்மை சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 120 கிலோ. அந்த அழுத்தத்தை எட்டும்வரை முகடுகள் நசுங்கும், எட்டியதும் நின்றுவிடும். 7.85 கிலோவைத் தாங்க 0.065 சதுர மில்லிமீட்டர் போதும். கால் மில்லிமீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரத்தின் அளவு அது. அதுவும் ஒரே இடத்தில் இருக்காது, சிறுசிறு திட்டுகளாகச் சிதறிக் கிடக்கும். கண்ணுக்குத் தெரியும் பரப்பில் ஒன்றரை லட்சத்தில் ஒரு பங்குதான் தொடுகிறது. மற்ற இடமெல்லாம் மெல்லிய காற்றிடைவெளி.

உராய்வு, தேய்மானம், மின் இணைப்பின் சூடு, பம்ப் சீலின் கசிவு, பாறைப் பிளவுகள் வழுக்குவது ஆகிய எல்லாமே அந்தத் திட்டுகளில்தான் முடிவாகின்றன. அவற்றை முன்கூட்டியே கணக்கிட முடியுமா என்பதே இந்தச் சொற்பொழிவின் பொருள்.

டூல் ரூமில் வேலை பார்த்தவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். சர்ஃபேஸ் பிளேட்டில் பிரஷ்யன் புளூவை மெல்லப் பூசி, வேலைப்பொருளை அதன் மேல் கவிழ்த்து, நாலு பக்கமும் லேசாக நகர்த்தி எடுப்பார் ஃபிட்டர். மேடான இடங்களில் மட்டும் நீலம் ஒட்டியிருக்கும். அந்த இடங்களை ஸ்கிரேப்பரால் சுரண்டி, துணியால் துடைத்து, மறுபடி நீலம் பார்ப்பார். முதலில் மூலைக்கு ஒன்றாகச் சில திட்டுகள் வரும். போகப்போகப் பத்தாகும், பதினைந்தாகும். ஒவ்வொரு சதுர அங்குலத்திலும் இருபது புள்ளிகள் சீராக விழுந்தால், உயர்தர வேலை என்று கையைத் துடைத்துக்கொள்வார். 1840இல் கிளாஸ்கோவில் கூடிய அறிவியலாளர் மாநாட்டில் ஜோசப் விட்வொர்த் இந்தச் சுரண்டல் முறையைத்தான் எடுத்துரைத்தார். இரண்டு தகடுகளை ஒன்றுக்கொன்று பொருத்தினால் ஒன்று குழிந்தும் மற்றது புடைத்தும் இருந்தாலும் பொருந்திவிடும். மூன்று தகடுகளை மாற்றி மாற்றிப் பொருத்தினால் தட்டையாவதைத் தவிர அவற்றுக்கு வழியில்லை. அதிலிருந்துதான் உலகின் துல்லியப் பொறியியல் கிளம்பியது.

ஆனால் நீலப் பூச்சின் தடிமனே சில மைக்ரான். அதற்கும் நுண்ணியதை அதனால் காட்ட முடியாது. நீலம் ஒட்டிய ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் மேடுபள்ளம் இருக்கிறது. அந்தப் புள்ளியிலும் கொஞ்சம்தான் உண்மையாகத் தொடுகிறது.

பள்ளிப் பாடநூலில் உராய்வுக்கு இரண்டு விதிகள் உண்டு. உராய்வு விசை சுமைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். தொடும் பரப்பைச் சார்ந்திருக்காது. முதல் விதியை யாரும் ஏற்றுக்கொள்வர். இரண்டாவதை மாணவர்கள் நம்புவதே இல்லை, மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். அகலமான பக்கம் கீழே இருந்தால் இழுப்பது கடினமாக இருக்கவேண்டும் அல்லவா என்ற அவர்களின் சந்தேகம் நியாயமானது. 1699இல் கியோம் அமான்டன்ஸ் இதைப் பாரிஸ் அறிவியல் கழகத்தில் சொன்னபோது அங்கிருந்தவர்களுக்கும் அதே சந்தேகம்தான் வந்தது. இளம் வயதிலேயே கேட்கும் திறனை இழந்தவர் அமான்டன்ஸ். செம்பு, இரும்பு, ஈயம், மரம் என்று மாற்றி மாற்றி, பழைய பன்றிக் கொழுப்பைத் தடவி இழுத்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் சுமையில் மூன்றில் ஒரு பங்கு விசை தேவைப்பட்டது. கழகம் நம்பாமல், சோதித்துப் பார்க்கும்படி ஃபிலிப் த லா ஹீரிடம் ஒப்படைத்தது. அவரும் அதையே கண்டார். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே லியனார்டோ டா வின்சி தம் குறிப்பேடுகளில் இதே விதியை எழுதி, கால் பங்கு என்று கணக்கிட்டிருந்தார். அந்தக் குறிப்பேடுகள் வெளியே வராததால் பயன்படவில்லை.

எண்பத்தாறு ஆண்டுகள் கழிந்தும் விதி விதியாகவே நின்றது. ஷார்ல் கூலூம் 1785இல் வெளியான தம் ஆய்வில், மேடுபள்ளங்கள் ஒன்றில் ஒன்று சிக்கிக்கொள்வதாலும் அவற்றை ஏறிக் கடக்க வேண்டியிருப்பதாலும் உராய்வு வருகிறது என்றார். ஏறும்போது செலவழியும் ஆற்றல் இறங்கும்போது திரும்பக் கிடைத்துவிடுமே என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. ஆனால் அவர் கவனித்த வேறொன்று பின்னாளில் பெரிய விஷயமானது: மரத்தின் மேல் மரத்தை அசையாமல் எவ்வளவு நேரம் வைத்திருக்கிறோமோ அதற்கேற்ப, அதை நகர்த்தத் தேவைப்படும் விசையும் கூடுகிறது.

விடை இருபதாம் நூற்றாண்டில்தான் வந்தது. டாஸ்மேனியாவின் ஹோபார்ட்டில் பிறந்து கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்த ஃபிலிப் பௌடனும் லண்டன்காரரான டேவிட் டேபரும், உலோகங்களின் சந்திப்பு வழியாக மின்சாரத்தைச் செலுத்தி அதன் தடையை அளந்தார்கள். மின்சாரம் உண்மையாகத் தொடும் இடங்களில் மட்டுமே பாயும். ஆகவே தடையிலிருந்து தொடுபரப்பை ஊகிக்கலாம். 1939இல் அவர்கள் வெளியிட்ட முடிவு, உண்மைத் தொடுபரப்பு தோற்றப் பரப்பில் மிகமிகச் சிறிய பங்கு என்பதும், அது சுமையோடு சேர்ந்தே வளர்கிறது என்பதும். 1950இல் ஒரு வானொலி உரையில் பௌடன், இரண்டு திடப்பொருள்களைச் சேர்த்து வைப்பது சுவிட்சர்லாந்தைத் தலைகீழாகக் கவிழ்த்து ஆஸ்திரியாவின் மேல் வைப்பதைப் போன்றது என்று நேயர்களுக்கு விளக்கினார்.

இப்போது இரண்டாவது விதி விளங்கிவிடும். செங்கல் வடிவக் கட்டியைப் படுக்க வைத்தாலும் நிறுத்தி வைத்தாலும் எடை ஒன்றுதான், கடினத்தன்மையும் ஒன்றுதான். எடையைக் கடினத்தன்மையால் வகுத்தால் கிடைக்கும் உண்மைத் தொடுபரப்பும் மாறாது. படுத்திருக்கும்போது திட்டுகள் பரவலாகவும், நின்றிருக்கும்போது நெருக்கமாகவும் இருக்கும், அவ்வளவுதான் வேறுபாடு. திட்டுகளை அறுத்தெறியத் தேவைப்படும் விசையே உராய்வு. ஆகவே அதுவும் மாறாது. மாணவர்களின் சந்தேகமும் தவறில்லை: உராய்வு பரப்பைச் சார்ந்ததே, ஆனால் அது வேறொரு பரப்பு. பாடநூல் இந்த ஒரு வாக்கியத்தைச் சேர்த்துக்கொண்டால் எத்தனையோ வகுப்பறைகளில் மனப்பாடத்துக்கு வேலை இல்லாமல் போகும்.

பௌடன் காட்டிய மலைப் படத்தில் ஒரு குறை உண்டு. அதைச் சொல்லியாக வேண்டும். பரப்பின் மேடுபள்ளத்தை ஊசியால் தடவி வரைபடமாகத் தரும் டாலிசர்ஃப் போன்ற கருவிகள், உயரத்தை நீளத்தைவிடப் பல மடங்கு பெரிதாக்கிக் காட்டும். இல்லையென்றால் மேடுபள்ளமே கண்ணுக்குத் தெரியாது. அதனால் தாளில் ஊசிமுனைபோல் தெரியும் முகடுகள் உண்மையில் மிகச் சாய்வானவை. பொதுவான இயந்திர வேலைகளில் சரிவு சில பாகைகளைத் தாண்டுவது அரிது. இந்தச் சரிவை நினைவில் வைத்துக்கொள்வோம். கதையின் உச்சத்தில் அதுதான் வரப்போகிறது.

பௌடன், டேபர் விளக்கம் அழகானது. அதில் ஓட்டை கண்டவர் ஜே. எஃப். ஆர்ச்சர்ட். அவர் கேட்டது நடைமுறைக் கேள்வி. ஒரு பேரிங் கோடிக்கணக்கான முறை சுழல்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் முகடுகள் நிரந்தரமாக நசுங்கிக்கொண்டே இருந்தால் அது எத்தனை நாள் உழைக்கும்? முதல் சில சுற்றுகளில் நசுங்கியிருக்கலாம். அதன் பிறகு முகடுகள் அமுங்கி, சுமை நீங்கியதும் பழைய வடிவுக்குத் திரும்ப வேண்டும். அதாவது, சந்திப்பு மீள்தன்மையுள்ளதாக இருக்க வேண்டும்.

மீள்தன்மைச் சந்திப்புக்கு ஏற்கெனவே ஒரு கோட்பாடு இருந்தது. 1880 கிறிஸ்துமஸ் விடுமுறையில், பெர்லினில் ஹெல்ம்ஹோல்ட்ஸின் உதவியாளராக இருந்த இருபத்து மூன்று வயது ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் உருவாக்கியது அது. கண்ணாடி வில்லைகளை ஒன்றோடொன்று அழுத்தும்போது அவற்றின் வடிவம் எப்படி மாறும் என்பதே அவருடைய கேள்வி. பின்னாளில் வானொலி அலைகளுக்குப் பெயரானவரின் தொடக்ககால வேலை இது. இன்றும் பால் பேரிங், பல்சக்கரம், ரயில் சக்கரம் எல்லாவற்றையும் இதை வைத்துத்தான் வடிவமைக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், ஹெர்ட்ஸ் கணக்குப்படி ஒரு கோளத்தின் மேல் சுமையை எட்டு மடங்காக்கினால் தொடுபரப்பு நான்கு மடங்குதான் கூடும். உராய்வும் நான்கு மடங்குதான் ஆக வேண்டும். அமான்டன்ஸ் விதியோ எட்டு மடங்கு என்கிறது. சோதனையும் அதையே சொல்கிறது. நசுங்கும் முகடுகள் விதியைக் காப்பாற்றின, ஆனால் இயந்திரத்தைத் தேய்த்துவிட்டன. மீளும் முகடுகள் இயந்திரத்தைக் காப்பாற்றின, விதியைக் கைவிட்டன.

1957இல் ஆர்ச்சர்ட் இதற்குத் தந்த விடை, இந்தத் துறையின் மிக எளிய, மிக ஆழமான எண்ணங்களில் ஒன்று. கோளத்தின் மேல் சிறு கோளங்களை அடுக்குவோம். சுமை கூடும்போது பெரிய கோளம் அமுங்கும், கூடவே சிறு கோளங்களில் புதியவையும் வந்து தொடும். இப்போது எட்டு மடங்கு சுமைக்குத் தொடுபரப்பு 6.35 மடங்கு. அந்தச் சிறு கோளங்களின் மேல் இன்னும் சிறிய கோளங்களை வைத்தால் 7.4 மடங்கு. இப்படியே மேட்டின் மேல் மேடு என்று போகப்போக எண் எட்டை நெருங்குகிறது. ஒவ்வொரு முகடும் ஹெர்ட்ஸ் சொன்னபடிதான் நடந்துகொள்கிறது. கூட்டாகச் சேரும்போது அமான்டன்ஸ் விதி பிறக்கிறது. விதியின் வேர் பொருளின் மென்மையில் இல்லை, மேடுகளின் பெருக்கத்தில் இருக்கிறது.

ஆனால் உண்மையான பரப்பில் யாரும் கோளங்களை அடுக்கி வைப்பதில்லை. அளந்த பரப்பிலிருந்து தொடங்கிக் கணக்கிட்டவர்கள் ஜே. ஏ. கிரீன்வுட்டும் ஜே. பி. பி. வில்லியம்சனும். இருவரும் வேலை பார்த்தது அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், மின் இணைப்பான்கள் செய்யும் பர்ண்டி நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவில். இணைப்பான் சூடாகுமா ஆகாதா என்பது அந்த நிறுவனத்துக்குப் பிழைப்புப் பிரச்சினை. ஊசி தடவித் தந்த அலையை எண்களாக மாற்றிக் கணினியில் ஏற்றினார்கள். அந்தக் காலத்துக்கு அது புதிது. மணிகளை வீசிச் சொரசொரப்பாக்கிய அலுமினியப் பரப்பில் முகடுகளின் உயரங்கள் இயல்நிலைப் பரவலை ஒட்டி அமைந்திருப்பதைக் கண்டார்கள். எல்லா முகடுகளுக்கும் ஒரே வளைவு, வெவ்வேறு உயரம், ஒவ்வொன்றும் தனித்தனியாக ஹெர்ட்ஸ் விதிப்படி அமுங்கும் என்று வைத்துக்கொண்டு 1966இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, இன்றும் இந்தத் துறையில் நுழைபவர்கள் முதலில் படிப்பது.

அதன் மையக் காட்சியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இரண்டு பரப்புகள் நெருங்குகின்றன. மிக உயர்ந்த சில முகடுகள் மட்டும் தொட்டிருக்கின்றன. சுமை கூடுகிறது. ஏற்கெனவே தொட்டவை இன்னும் அமுங்கி அவற்றின் திட்டுகள் பெரிதாகின்றன. அதே வேளையில், இதுவரை எட்டாமல் நின்ற முகடுகள் புதிதாகத் தொடத் தொடங்குகின்றன. அவற்றின் திட்டுகள் மிகச் சிறியவை. பழையவை பெரிதாகி ஏற்றிய சராசரியைப் புதியவை கீழே இழுக்கின்றன. இரண்டும் ஏறக்குறையச் சரிக்குச் சரியாகிவிடுகின்றன. சுமை இரட்டித்தால் திட்டுகளின் எண்ணிக்கை இரட்டிக்கிறது. சராசரித் திட்டின் அளவு அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு திட்டும் சுமக்கும் சராசரி அழுத்தமும் மாறுவதில்லை. அமான்டன்ஸ் விதி இங்கே தானாகவே வந்துவிழுகிறது.

இதிலிருந்து வந்த இன்னொரு முடிவு பொறியாளர்களை வியக்க வைத்தது. ஒரு பரப்பின் முகடுகள் நிரந்தரமாக நசுங்குமா, மீளுமா என்பது சுமையைப் பொறுத்தது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். கிரீன்வுட், வில்லியம்சன் தந்த குறியீட்டெண்ணில் சுமையே இல்லை. மீள்குணகத்துக்கும் கடினத்தன்மைக்கும் உள்ள விகிதம். அதோடு, முகடுகளின் உயரப் பரவலை முகட்டு வளைவின் ஆரத்தால் வகுத்து எடுத்த வர்க்கமூலம். இவ்விரண்டின் பெருக்கல் 0.6க்குக் கீழே இருந்தால் சாதாரணச் சுமைகளில் முகடுகள் மீளும். ஒன்றுக்கு மேலே இருந்தால், லேசாக வைத்தாலே நசுங்கும். சாதாரணமாக அரைத்த மைல்டு ஸ்டீலுக்குப் போட்டுப் பார்த்தால் எண் ஒன்றைத் தாண்டி மேலே போய்விடும். கடினமாக்கி மிக நுணுக்கமாக மெருகேற்றிய பேரிங் எஃகுக்குப் போட்டால் 0.6க்கு வெகு கீழே நிற்கும். பேரிங் வளையங்களுக்கு அவ்வளவு மெருகு ஏன் என்ற கேள்விக்கு இதுவே பதில்.

அதன் பிறகு கணிதம் வேகமெடுத்தது. கடல் அலைகளின் முகடுகளையும் சரிவுகளையும் எண்ணுவதற்கு லோங்கே-ஹிக்கின்ஸ் 1957இல் அமைத்த புள்ளியியலை எடுத்து, 1971இல் பி. ரங்கநாத் நாயக் உலோகப் பரப்புக்குப் பொருத்தினார். 1975இல் புஷ், கிப்சன், தாமஸ் மூவரும் அதன் மேல் நின்று ஒரு சமன்பாட்டுக்கு வந்தார்கள். லேசான சுமையில், பரப்பில் எவ்வளவு பங்கு தொடும் என்பதற்கு, அழுத்தத்தை மீள்குணகத்தாலும் பரப்பின் சராசரிச் சரிவாலும் வகுத்து ஒரு கெழுவால் பெருக்கினால் போதும். கெழு ஏறக்குறைய 2.5 என்றார்கள்.

சமன்பாட்டில் எது இல்லை என்று கவனிக்க வேண்டும். மேடுகளின் உயரம் அதில் இல்லவே இல்லை. சரிவு மட்டும்தான் இருக்கிறது. பெரிய உயரமும் மென்மையான சரிவும் உள்ள பரப்பு நன்றாகத் தொடும். சிறிய உயரமும் செங்குத்தான சரிவும் உள்ள பரப்பு மிகக் குறைவாகவே தொடும். நம் வரைபடங்களிலோ உயரத்தின் சராசரியைத்தான் எழுதுகிறோம்.

இங்கேதான் பெரிய சிக்கல் எழுந்தது. சரிவு என்பது எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஒரு மைக்ரானுக்கு ஒரு புள்ளி என்று அளந்தால் ஒரு சரிவு. பத்து நானோமீட்டருக்கு ஒரு புள்ளி என்று அளந்தால் அதைவிடப் பெரிய சரிவு, அதிக முகடுகள், கூர்மையான முனைகள். 1978இல் செய்ல்ஸ், தாமஸ் இருவரும் நுண்ணிய இயந்திரப் பாகங்கள் முதல் கப்பலின் அடிப்பகுதி, விமான ஓடுதளம் வரை அளவுகளைத் திரட்டி, உருப்பெருக்கம் கூடக் கூடச் சொரசொரப்பு மறைவதே இல்லை என்று காட்டினார்கள். 1984இல் மாண்டல்பிரோவும் அவருடைய சகாக்களும் உடைந்த உலோகப் பரப்புகள் ஃபிராக்டல் தன்மை உடையவை என்று காட்டியதும் படம் முழுமையானது. அப்படியென்றால் ஒரு முகடு என்பது என்ன? அளவுகோலை மாற்றினால் மாறிவிடும் ஒன்றை வைத்து எப்படிக் கணக்கிடுவது?

இந்தக் கேள்வியை மிகக் கடுமையாக எழுப்பியவர்களில் கிரீன்வுட்டும் ஒருவர். தம் புகழ்பெற்ற கட்டுரை வந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 2001இல், ஜே. ஜே. வூவுடன் சேர்ந்து எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே மன்னிப்பு என்ற சொல்லை வைத்தார். அளவீட்டில் பக்கத்துப் புள்ளிகளைவிட உயர்ந்திருக்கும் ஒவ்வொரு புள்ளியையும் முகடாக எண்ணியது தவறு, அது முகடுகளின் எண்ணிக்கையையும் வளைவையும் பிழையாகக் காட்டிவிட்டது என்று எழுதினார். ஆர்ச்சர்டின் மேட்டின் மேல் மேடு என்ற எண்ணமே சரி என்ற பக்கம் திரும்பினார். தன் பெயரால் அழைக்கப்படும் ஒரு கோட்பாட்டை இப்படி அச்சில் திருத்தியது அறிவியலில் அடிக்கடி நடக்கும் காரியம் இல்லை. அந்தக் கட்டுரையைப் பட்டமேற்படிப்பு மாணவர்கள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும்.

அதே 2001இல் ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வு மையத்திலிருந்து போ பெர்சன் வேறொரு வழியைத் திறந்தார். அவர் முகடுகளை எண்ணவே இல்லை. முதலில் பரப்பை மிகக் குறைந்த உருப்பெருக்கத்தில் பார்க்கிறார்; எல்லாம் தட்டை, எங்கும் தொடுகிறது, எங்கும் ஒரே அழுத்தம். உருப்பெருக்கத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுகிறார். ஒவ்வொரு படியிலும் புதிய சொரசொரப்பு தெரிகிறது. அழுத்தம் சில இடங்களில் ஏறுகிறது, சில இடங்களில் இறங்குகிறது. இந்தப் பரவல் அகலமாவதை அவர் எழுதிய சமன்பாடு, ஒரு கம்பியில் வெப்பம் பரவும் சமன்பாட்டின் வடிவத்தையே கொண்டிருந்தது. நேரம் நின்ற இடத்தில் உருப்பெருக்கம் நின்றது. அழுத்தம் பூஜ்யத்தைத் தொட்ட இடம் பிரிந்துவிட்ட இடம். அவரைத் தூண்டியது கார் டயர். தார்ச்சாலையின் ஜல்லி அளவிலிருந்து மைக்ரான் அளவு வரை ஒவ்வொரு மேடும் ரப்பரைப் பிசைந்து ஆற்றலை உறிஞ்சுகிறது. பிரேக் பிடிக்கும்போது வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு அதற்குத்தான். புஷ் குழுவினர் 2.5 என்ற அந்தக் கெழு, பெர்சன் கோட்பாட்டில் 1.6 என்று வந்தது. கணினியில் புள்ளிக்குப் புள்ளி கணக்கிட்டுப் பார்த்தவர்களுக்கு இரண்டையொட்டிக் கிடைத்தது. இரு கோட்பாடுகளுக்கும் நடுவில்.

யார் சரி என்று பார்க்க ஒரு போட்டியே நடந்தது. மார்ட்டின் மியூசர் தலைமையில் 2015இல் ஒரு கணக்கு அறிவிக்கப்பட்டது: 0.1 மில்லிமீட்டர் பக்கமுள்ள ஒரு சொரசொரப்பான கடினப் பரப்பு, அதன் மேல் அழுத்தப்படும் ஒரு மென்மையான பொருள், இரண்டுக்கும் இடையே மெல்லிய ஒட்டுவிசை. எங்கெங்கே தொடும், எவ்வளவு அழுத்தம், சராசரி இடைவெளி எவ்வளவு? உலகெங்கும் இருந்து விடைகள் வந்தன. சிலர் முகடுகளை எண்ணினர், சிலர் பெர்சன் வழியில் போயினர், சிலர் மீக்கணினியை ஓட்டினர். அணுக்களின் அளவுக்குக் கணக்கைச் சுருக்கி, ஒவ்வோர் அணுவையும் நகர்த்திப் பார்த்தவர்களும் உண்டு. ஃபுளோரிடா அணி அதே பரப்பை ஆயிரம் மடங்கு பெரிதாக்கி, பத்து சென்டிமீட்டர் அகலத்தில் முப்பரிமாண அச்சில் வார்த்து, ஒளி ஊடுருவும் சிலிக்கோன் ரப்பரை அதன் மேல் அழுத்தி, தொட்ட திட்டுகளை ஒளியால் படம்பிடித்தது. 2017இல் வெளியான முடிவில் எந்த முறையும் முழுத் தோல்வி அடையவில்லை. ஆனால் துல்லியம் வேண்டுமென்றால் கணக்கும் பெரிதாகும் என்பது தெளிவானது. முகடுகளை எண்ணும் பழைய முறையின் பலவீனமும், எவ்வளவு குறைந்த கணக்கில் பெர்சன் முறை எவ்வளவு தூரம் வருகிறது என்பதும் ஒரே தாளில் பதிவாயின.

கணக்கு வெறும் தாளோடு நிற்பதில்லை. வீட்டுச் சுவிட்ச் போர்டில் பிளக் தளர்ந்தால் அதன் முனை கருகுவது ஏன்? ராக்னார் ஹோல்ம் காட்டியபடி, மின்சாரம் சிறு திட்டுக்குள் நுழைய நெருங்கிக் குவிய வேண்டியிருக்கிறது. திட்டின் ஆரம் குறையக் குறையத் தடை கூடும், தடை கூடினால் சூடு கூடும். கணினியின் செயலியின் மேல் ஹீட் சிங்கை வைப்பவர் இடையில் தெர்மல் பேஸ்ட் தடவுவதும் இதே காரணத்தால்தான். தொடாத இடங்களை நிரப்பும் காற்று, அலுமினியத்தைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மோசமான வெப்பக் கடத்தி. பம்ப் சீல் கசிவதும் ஒரு தொடுபரப்புக் கணக்கே. திட்டுகள் பரப்பில் ஏறத்தாழ 42 விழுக்காட்டை நிரப்பும்வரை தண்ணீர் புகுந்து வெளியேற ஒரு தொடர்பாதை எங்காவது இருந்துகொண்டே இருக்கும். அதைத் தாண்டியதும் பாதை அறுந்துவிடும்.

எல்லாவற்றையும்விடக் கனமான பயன் பூமிக்கடியில். கூலூம் மரத்தில் கண்டதை 1970களில் அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் ஜேம்ஸ் டீட்ரிச் பாறையில் கண்டார்: நின்ற நேரம் பத்து மடங்கானால் நிலை உராய்வு ஒரே சீரான அளவு ஏறுகிறது. 1994இல் அவரும் பிரையன் கில்கோரும் அக்ரிலிக், கண்ணாடி, குவார்ட்ஸ் ஆகியவற்றின் சொரசொரப்பான பரப்புகளை அழுத்தி, ஊடுருவும் ஒளியில் திட்டுகளைப் பார்த்தார்கள். எதையும் நகர்த்தாமல் வைத்திருக்கும்போதே திட்டுகள் மெல்ல மெல்ல வளர்வது நுண்ணோக்கியில் தெரிந்தது. இரு பாறைத் தகடுகள் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்துவிட்டுத் திடீரென்று வழுக்குவதைக் கணக்கிடும் இன்றைய நிலநடுக்க மாதிரிகள் இந்தத் திட்டுகளின் வயதைக் கணக்கில் எடுக்கின்றன.

இவ்வளவும் வந்த பிறகு பட்டறைக்குத் திரும்பலாம். சென்னையிலும் கோவையிலும் ஓடும் ஒவ்வொரு இயந்திரப் பட்டறை வரைபடத்திலும் பரப்பின் மேல் ஒரு சிறு குறி இருக்கும், அதன் மேல் ஓர் எண்: ஆர்.ஏ. 0.8, ஆர்.ஏ. 1.6. சராசரிக் கோட்டிலிருந்து உயரம் எவ்வளவு விலகுகிறது என்பதன் சராசரி, மைக்ரானில். மலிவான கருவியில் நொடியில் கிடைக்கும், அதனால் பயனுள்ளது. ஆனால் அதை ஒரு பரப்பின் முழுச் சான்றிதழாகக் கொள்வது தவறு. ஒரு பரப்பின் படத்தைத் தலைகீழாக்கினால் முகடுகள் பள்ளங்களாகும், பள்ளங்கள் முகடுகளாகும், ஆர்.ஏ. மாறாது. என்ஜின் சிலிண்டர் லைனரில் பிளாட்டோ ஹோனிங் செய்கிறவர்களுக்கு இந்த வேறுபாடு உயிர். மேலே தட்டையான மேடை, கீழே எண்ணெய் தேங்கும் கோடுகள் இருந்தால் பிஸ்டன் ரிங் வழுக்கிப் போகும். அதே ஆர்.ஏ. எண்ணில் படம் தலைகீழாக இருந்தால் ரிங்கை அது அரைத்துத் தள்ளிவிடும். 1933லேயே அபட், ஃபயர்ஸ்டோன் இருவரும் இதைக் காட்டும் தாங்கு வளைவைத் தந்துவிட்டார்கள். பெரும்பாலான வரைபடங்களில் இன்னும் அதற்கு இடம் இல்லை.

அண்மையில் முடிந்த ஒரு பெரிய முயற்சி இதை எண்ணிக்கையோடு நிறுவியிருக்கிறது. 20 நாடுகளைச் சேர்ந்த 64 ஆய்வுக்குழுக்களும் நிறுவனங்களுமாக 153 பேர், ஒரே மாதிரித் தயாரித்த ஒரு சொரசொரப்பான பரப்பையும் ஒரு வழவழப்பான பரப்பையும் தத்தம் கருவிகளால் அளந்தார்கள். மொத்தம் 2,088 அளவீடுகள். எந்த நீள அளவில் அளந்தது என்பதைக் கருதாமல் எண்களை ஒப்பிட்டபோது அவை ஒன்றோடொன்று கடுமையாக முரண்பட்டன. நீள அளவைச் சேர்த்து, கருவியின் திறனுக்கு அப்பாற்பட்ட தரவுகளை நீக்கியபோது ஒத்துப்போயின. அந்தத் தரவுகள் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டிருக்கின்றன.

ஆகவே, பட்டறை நடத்துவோருக்கும் வரைபடம் எழுதுவோருக்கும் ஒரு வேண்டுகோள். ஆர்.ஏ. எண்ணின் பக்கத்தில் எந்தக் கட்-ஆஃப் நீளத்தில் அளந்தது, ஊசிமுனையின் ஆரம் எவ்வளவு என்று எழுதுங்கள். கருவி தரும் முழுப் படத்தையும் கோப்பாகச் சேமித்து வையுங்கள்; எண் மட்டும் எழுதிவிட்டு அதை அழிக்காதீர்கள். சீல் கசிந்தாலோ, ரிங் தேய்ந்தாலோ, காரணத்தைத் தேட அந்தக் கோப்பு வேண்டியிருக்கும். கல்லூரி ஆசிரியர்கள் இந்த 2,088 அளவீடுகளில் ஒன்றைத் தரவிறக்கம் செய்து, ஒரு பரப்பின் சரிவை மாணவர்கள் தங்கள் கையாலேயே இரண்டு நீள அளவுகளில் கணக்கிடும்படி ஓர் ஆய்வக வகுப்பை ஒதுக்குங்கள். அதற்கு ஒரு மடிக்கணினி போதும்.